மாமனாருக்கு எத்தனை வாட்ஸ்?

போன மாதம் ஒரு மத்தியானம், ஷார்ஜாவில் எங்கள் வீட்டு பால்கனியில், என் மாமனார் என் கண் முன்னால் புகை விட்டார். நானும் அவர் கண் முன்னால் விட்டேன்.

‘அதிலென்ன?’ என்று கேட்கிறீர்களா? அப்படியென்றால் நீங்கள் தென்காசிப் பக்கம் பெண் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் பக்கத்தில் மாமனாரும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து அரசியல் பேசலாம். கறிச்சோறு சாப்பிடலாம். வரப்புத் தகராறில் கட்டிப் புரளக்கூடச் செய்யலாம். ஆனால் ஒருத்தர் முன்னால் இன்னொருத்தர் பீடியோ சிகரெட்டோ பற்றவைப்பது... நடக்கவே நடக்காது. மாமனார் தலை தெரிந்தால் மாப்பிள்ளை கையில் இருப்பதைக் கீழே போட்டு மிதித்துவிடுவார். மாப்பிள்ளை தலை தெரிந்தால் மாமனாரின் பீடி முதுகுப் பக்கம் போய்விடும். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் யாரும் எதையும் பார்த்ததில்லை.

அப்படி இருந்தவர்கள் நாங்கள். பால்கனி வரை எப்படி வந்தோம் என்பதைச் சொல்கிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாராவாரம் அடுத்தவர் கதையையே எழுதிக்கொண்டிருந்தால் எப்படி?

என் மனைவி செல்வி மாசமாக இருப்பதை இந்தப் பக்கத்தில் முன்பே எழுதியிருக்கிறேன். தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்புவதுதான் வழக்கம். ஆனால் அங்கே பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? அவளுடைய அம்மா எங்கள் கல்யாணத்துக்கு முந்தியே இறந்துபோனார். என் அம்மாவால் படுக்கையில் இருக்கும் அப்பாவை விட்டு நகர முடியாது. என்ன செய்வது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது போனில் மாமாவே சொன்னார்.

“நான் வாரேன் மாப்ள. ரசம் வைக்கத் தெரியும். வெந்நி போடத் தெரியும். பொறவென்ன?”

அறுபது தாண்டிய மனிதர். விமானம் ஏறியதில்லை. பிரசவம் பார்க்க அம்மா வருகிற இடத்துக்கு விசிட் விசாவில் அப்பா வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்தால் சுக்கு, திப்பிலி, பிரசவ மருந்துப்பொடி, கருப்பட்டி. யாரிடம் கேட்டு, எப்படி இடித்துக் கொண்டுவந்தாரோ... செல்வி ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்து அழுதாள். வேட்டி மடிப்புகளுக்குள் பீடிக்கட்டுகளும் இருந்தன. அதை முகர்ந்ததும் அழுகை நின்றுவிட்டது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தீர்ப்பு வந்தது.

“அப்பா, ஒண்ணு சொல்லிடுதேன். பீடி குடிக்கிற கை என் பிள்ளையத் தொடக் கூடாது. இங்க வந்தும் விட முடியாதுன்னா, தூரத்துல நின்னு பாத்துட்டுப் போங்க.”

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே, “சரிம்மா” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “ஆமா மாமா, டாக்டரும் அதத்தான் சொன்னாங்க” என்று ஒரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் கீழே பார்க்கிங்கில் நின்ற என் காரின் டேஷ்போர்டுக்குள் ஒரு வேப், அதாவது பேட்டரியில் ஓடும் சிகரெட், இருந்தது. மின்ட் ஃப்ளேவர்.

கல்யாணத்துக்காக சிகரெட்டை விட்டது உண்மை. செல்விக்குச் சத்தியம் செய்து கொடுத்ததும் உண்மை. சிகரெட்டைத்தானே சொன்னோம், வேப்பைச் சொல்லவில்லையே என்று நானே எனக்கு வக்கீலாகவும் ஜட்ஜாகவும் இருந்து தீர்ப்பு எழுதிக்கொண்டேன். டூட்டிக்குப் போகும்போது கார், வரும்போது கார். வாயில் மின்ட் மணந்தால் மிட்டாய். மூன்று வருஷமாக இப்படி ஓடிக்கொண்டிருந்தது. பரிசோதனைக்கு அவளைக் கூட்டிப் போகும் நாட்களில் மட்டும் டேஷ்போர்டிலிருந்து டிக்கிக்கு மாற்றுவேன். எவ்வளவு பொறுப்பான கணவன் பாருங்கள்.

அடுத்த சில நாட்கள் எங்கள் வீட்டில் குப்பூஸ் ரொட்டி குவிந்தது.

“கீழ போய் ரொட்டி வாங்கிட்டு வாரேன்” என்று காலையில் ஒரு தடவை. “தயிரு தீந்துட்டு போல” என்று மத்தியானம் ஒரு தடவை. சாயங்காலம் மறுபடியும் ரொட்டி. பக்கத்து பக்காலா மளிகைக்கடைக்காரர் மாமாவைப் பார்த்ததும் குப்பூஸ் பாக்கெட்டை எடுத்து நீட்டும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது. நானோ, “கார்ல சார்ஜரை விட்டுட்டேன்” என்று இறங்குவேன். சில சமயம் இரண்டு பேரும் ஒரே லிஃப்டில் திரும்பி வருவோம். அவர் கையில் குப்பூஸ், என் கையில் சார்ஜர். லிஃப்டுக்குள் பீடியும் புதினாவும் கலந்த ஒரு வாசனை. இரண்டு பேரும் மாடி எண் மாறுவதையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

ஒருநாள் செல்வியே ஆரம்பித்தாள். “ஏதோ மெஷின் இருக்காமே, வேப்புன்னு. பீடிக்கு அது தேவலைன்னா அப்பாவுக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்களேன். பால்கனியோட வச்சிக்கிட்டும். அத வச்சாவது பீடிய விடட்டும்.”

“அப்படி ஒண்ணு இருக்கா? விசாரிச்சுப் பாக்கிறேன்” என்றேன். ஆஸ்கார் கொடுக்கலாம்.

பர் துபாயில் நான் வழக்கமாகப் போகும் கடைக்குப் போனேன். “அதே மின்ட்டு தானே சார்?” என்றார் கடைக்காரர். “இது வேற ஒருத்தருக்கு. புகையிலை ஃப்ளேவர் குடுங்க” என்றேன். அவர் நம்பவில்லை. உண்மையைச் சொல்லும்போதுதான் நம் முகம் திருட்டு முகமாக ஆகிவிடுகிறது.

இதில் பழக்கமில்லாத வாசகர்களுக்காக — பழக்கம் இல்லாமலே இருங்கள், அதுதான் நல்லது — கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கருவிக்குள் காயில் என்று ஒரு சின்னக் கம்பிச்சுருள். அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு லிக்விடில் ஊறியிருக்கும். கம்பி சூடானால் லிக்விட் ஆவியாகும், அதை இழுக்கிறோம். எவ்வளவு சூடு என்பதைத்தான் வாட்ஸ் கணக்கில் கூட்டிக் குறைக்கிறோம். குறைவாக வைத்தால் சப்பென்று இருக்கும், லிக்விடே வாய்க்கு வந்துவிடும். கூடுதலாக வைத்தால் பஞ்சு காய்ந்து கருகும். கருகினதை இழுத்தால்... தாளிக்கும்போது மிளகாய் வற்றல் தீய்ந்து வீடே இருமுமே, அந்த மொத்தமும் ஒரு தொண்டைக்குள் இறங்கினது மாதிரி இருக்கும்.

காயில் மேலேயே எத்தனையிலிருந்து எத்தனை வரை என்று அச்சடித்திருப்பார்கள். அதில் கீழ் எண்ணில் ஆரம்பித்து, இழுத்துப் பார்த்து, ஒவ்வொரு வாட்டாக ஏற்றி, நமக்குச் சரிப்படும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வித்தை.

ஆனால் யார் இழுத்துப் பார்ப்பது?

நான் இழுத்துப் பார்க்கலாம். ஆனால் எனக்குத்தான் பழக்கமே இல்லையே. மாமாவை இழுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அதற்கு நாங்கள் இரண்டு பேரும் வேறு ஜாதகத்தில் பிறந்திருக்க வேண்டும். ‘நீங்க எப்படி இழுப்பீங்க மாமா, மெதுவாவா, வேகமாவா?’ என்று வாய்விட்டுக் கேட்கலாமா? நினைக்கும்போதே எனக்கு வியர்த்தது. செல்வியிடம் கேட்டேன். “எனக்கென்ன தெரியும்? அப்பா எங்க முன்னாடி குடிச்சதே கிடையாது” என்றாள். கொஞ்சம் கழித்து, “அம்மாவுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்” என்றாள். அத்தை பீடி சுற்றியே இவளைப் படிக்கவைத்தவர்.

கடைசியில் நானே ஒரு கணக்குப் போட்டேன். காயிலில் பன்னிரண்டு முதல் பதினாறு என்று போட்டிருந்தது. பீடி காரமான சாமான். அதைக் குடித்தவருக்குக் கம்மியாக வைத்தால் பிடிக்காமல் மறுபடி கீழே இறங்கிவிடுவார். ஆக, உச்சம். பதினாறு.

ஒப்படைக்கும் விழா இப்படி நடந்தது. நான் டிவி ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு, “மாமா, அந்தச் சாமான் அங்க வச்சிருக்கேன். அமுக்கிட்டு இழுக்கணுமாம். யூடியூப்ல பாத்தேன்” என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு “ம்” என்றார். கருவிக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி நான் டூட்டிக்குக் கிளம்பினேன்.

குப்பூஸ் நின்றது. செல்விக்கு ஒரே சந்தோஷம். “பாத்தீங்களா, அப்பா விட்டுட்டாங்க.” எனக்கும் பெருமைதான். காரில் உட்கார்ந்து அந்தப் பெருமையோடு இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டேன்.

ஆனால் மாமா தானே வைத்த ரசத்தைத் தானே தொடவில்லை. சோற்றில் மோர் மட்டும் ஊற்றிக்கொண்டார். குரல் கம்மிப்போனது. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே ஒரு காரணம் கண்டுபிடித்தோம். பிறகு ஒரு காலையில், நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

“மாப்ள, எனக்கு டிக்கெட் போட்ருங்க.”

“என்ன மாமா, செல்விக்கு இன்னும் நாள் இருக்கே?”

“ஊர்ல அறுப்பு கெடக்கு. நான் இல்லன்னா ஆகாது.”

ஊரில் அப்போது அறுப்பு கிடையாது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

செல்வி பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. “அம்மா இருந்தா இப்படி விட்டுட்டுப் போவாளா?” என்று என்னிடம் கேட்டாள். அவரிடம் கேட்கவில்லை. அப்பாவைக் கெஞ்சுவதற்கு அவளுக்கு வரவில்லை. நானும் ஆபீசுக்கு லீவ் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிரசவம் நெருங்குகிற பெண்ணை நம்பிக்கையாக விட்டுவிட்டு டூட்டிக்குப் போக இவரை விட்டால் எங்களுக்கு ஆள் இல்லை.

மத்தியானம் துணி எடுக்க பால்கனிக்குப் போனேன். வாஷிங் மெஷின் பின்னால், சோப்புத்தூள் டப்பாவுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு கைக்குட்டைப் பொட்டலம். பிரித்தேன். நான் வாங்கிக் கொடுத்த கருவி.

திறந்து பார்த்தால் காயில் கரியாக இருந்தது. சும்மா ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதையா இந்த மனிதர் இத்தனை நாளாக இழுத்தார்? லிக்விட் முக்கால் டேங்க் இருக்கிறது. எண் பதினாறுதான், வரம்புக்குள்தான். பிறகு எப்படிக் கருகியது?

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சிகரெட்டைப் பற்றவைத்துக் கையில் வைத்திருந்தாலும் அது பாட்டுக்கு எரியும். பீடி அப்படியா? இரண்டு நிமிஷம் சும்மா விட்டால் அணைந்துபோகும். அணையாமல் இருக்க விடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சின்னச் சின்னதாக, வேகவேகமாக. ஆயுள் முழுக்க அப்படி இழுத்துப் பழகினவர் இதையும் அப்படித்தான் இழுத்திருக்கிறார். ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் பஞ்சு மறுபடி ஊறுவதற்கு நேரமே இல்லை. அதற்கு மேல் நான் வைத்த உச்சக்கட்டச் சூடு. அவர் ஒரே ஒரு பீடி குடிப்பதை யாராவது நின்று பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில்தான் யாரும் பார்க்க மாட்டோமே.

பின்னால் செருமல் கேட்டது. மாமா.

“ஒடச்சிட்டேன் மாப்ள” என்றார், குரலே வராமல். “மொத நாளே கருகுன வாடை வந்துட்டு. எனக்குக் கையாளத் தெரியல. சொல்லக் கூசிச்சு. சரி, பழகிரும்னு இழுத்துப் பாத்தேன்... தொண்டை பொத்துப்போச்சு. நேத்து பொறுக்க முடியாம குப்பைத் தொட்டிகிட்டப் போய் ஒரு பீடி பத்தவச்சிட்டேன்.”

நான் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

“பிள்ளைக்காக இதுகூட விட முடியல. பொறவு அதத் தொட்டுத் தூக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? அதான் போயிரலாம்னு...”

அவர் தரையைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி நேராக என்னிடம் வந்து நின்றது. அவருக்கு இல்லாத யோக்கியதை எனக்கு எங்கிருந்து வந்தது? அவரிடமாவது வெட்கம் இருந்தது. என்னிடம் மின்ட் இருந்தது.

“நீங்க ஒடைக்கல மாமா. நான் வச்ச செட்டிங் தப்பு.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்? ஒங்களுக்குத்தான் பழக்கமில்லையே.”

கீழே இறங்கினேன். இந்தத் தடவை சார்ஜர் என்று சொல்லவில்லை. காரிலிருந்து என் வேப்பையும் ஒரு புதுக் காயிலையும் எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் என் கையைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்து எதிர் பில்டிங்கில் காயும் துணிகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

புதுக் காயிலை மாட்டினேன். “பஞ்சு ஊறணும் மாமா. கொஞ்ச நேரம் ஆகும்.” இரண்டு பேரும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெயிலில் கம்பி சுட்டது. யாரும் கையை எடுக்கவில்லை.

பன்னிரண்டுக்கு இறக்கிக் கொடுத்தேன். வாங்கியவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“திரும்பி நின்னா எனக்குத் தெரியாது மாமா. எப்படி இழுக்கீங்கன்னு பாக்கணும்.”

“நீங்க பாக்கையில எப்படி மாப்ள...”

நானாவது ஆரம்பிப்போம் என்று என்னுடையதை எடுத்து, அவர் பார்க்க, ஒரு இழுப்பு இழுத்து விட்டேன். பரீட்சையில் பிட்டு எழுதி மாட்டிக்கொண்டபோதுகூட நான் இவ்வளவு கூச்சப்பட்டதில்லை. மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடினபடியே தன்னுடையதை இழுத்தார். நினைத்தது சரி... சட் சட்டென்று, மூச்சு விடாமல்.

“மெதுவா மாமா. ஒண்ணு இழுத்துட்டு ஆறப்போடுங்க. இது அணையாது.”

“அணையாதா?”

“அணையாது.”

ஆறப்போட்டு இழுத்தார். “சப்புனு இருக்கே.” ஒன்று கூட்டினேன். “இப்ப?” யோசித்தார். “ம்... இது பரவாயில்ல. சுடல.” பதிமூன்று. அந்த எண்ணைக் கண்டுபிடிக்க எங்கள் இரண்டு பேரின் மானமும் தேவைப்பட்டிருக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவு திறந்தது. செல்வி.

என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. பால்கனி முழுக்கப் புதினா வாசனை. அவள் மூக்கைச் சுளித்து, “யாரு இவ்வளவு...” என்று ஆரம்பிக்கும்போதே மாமா சொன்னார்.

“நான்தாம்மா.”

“அவரு நிக்கையிலேயா? மாப்பிள்ளை முன்னாடி வச்சா ஊதுதீங்க? உங்களுக்கு வெக்கமா இல்லையாப்பா?”

“இனிமே இல்லம்மா” என்றார். தலை குனிந்திருந்தது. என் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை.

நான் பேசியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். பேசவில்லை. முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நல்ல மாப்பிள்ளையாக நின்றேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது. வயதானவர் ஒருத்தரை மகளிடம் திட்டு வாங்கவிட்டு, அந்தத் திட்டின் நிழலில் ஒதுங்கி நின்றவன் நான்.

அன்று சாயங்காலம் அடுப்படியிலிருந்து, “டிக்கெட் வேண்டாம் மாப்ள” என்று மட்டும் குரல் வந்தது. ரசத்துக்கு அவரே தாளித்தார். பீடிக்கட்டுகளை அவரே கொண்டுபோய்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். வேப் நல்லது என்று சொல்ல வரவில்லை. டாக்டரைக் கேட்டால் இரண்டையும் விடு என்றுதான் சொல்வார். மாமா அதையும் குறைத்துக்கொண்டு வருகிறார். நானோ அவருடைய மகளிடம் எதையும் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம், பிரசவம் முடியட்டும், இந்த நேரத்தில் அவளுக்கு எதற்கு மனக்கஷ்டம்... கோழைக்குத்தான் எத்தனை நல்ல காரணங்கள் கிடைக்கின்றன.

போன வாரம் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

ஆஸ்பத்திரியில் மாமா துவைத்த சட்டையோடு வந்து, ரூம் வாசலிலேயே நின்றுவிட்டார். தூரத்தில் நின்று பார்க்கச் சொன்னதை அவர் மறக்கவில்லை. செல்விதான், “உள்ள வாங்கப்பா. கை கழுவிட்டுத் தூக்குங்க” என்றாள். முழங்கை வரை சோப்புப் போட்டார். மறுபடியும் போட்டார். நர்ஸ் சிரித்தே விட்டார். பிள்ளையைக் கையில் வாங்கியதும் அவருடைய உதடு கோணிக்கொண்டது.

செல்வி என்னைப் பார்த்தாள். “நீங்க ஏன் அங்கேயே நிக்கீங்க? அப்பாகிட்ட இருந்து வாங்குங்க.”

வாங்கியிருக்கலாம். அவள் கணக்கில் என் கை சுத்தமான கை. என்னால் முடியவில்லை. நேராகப் போய்க் குழாயைத் திறந்தேன்.

“நீங்க எதுக்குக் கழுவுதீங்க?”

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “அன்னிக்கு பால்கனியில ஊதினது மாமா மட்டும் இல்ல செல்வி. அந்தப் புதினா வாசனை என்னோடது. கார்ல வச்சிருக்கேன். மூணு வருஷமா.”

குழாயை மூடவும் எனக்குத் தைரியம் வரவில்லை. “உங்களுக்குத் தெரியுமாப்பா?” என்று அவள் கேட்பது மட்டும் காதில் விழுந்தது. மாமா பிள்ளையின் துணியைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அதற்குப் பிறகு, ஆஸ்பத்திரி என்பதால் சத்தத்தைக் குறைத்து, செல்வி ஆரம்பித்தாள். சத்தம் குறைவாக இருந்தால் திட்டு கம்மி என்று நினைத்துவிடாதீர்கள்.

மாமா பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார் — மாப்பிள்ளை திட்டு வாங்குவதை மாமனார் பார்க்கக் கூடாதாம்.